பத்தாவது பெயர்

ரிங்லெட் கடைத்தெருவில் மழை விடாத மூன்றாம் நாள்
சயாமிலிருந்து திரும்பினான் தேவசகாயம்.
சின்னக் கிராணியாக இருந்தவனை
எலும்பும் சாக்குத்துணியுமாக இறக்கி வைத்தது லாரி.
ஐலாம் கடைக்காரன் காப்பி கொடுத்தான், காசு கேட்கவில்லை.
எதிர்க்கடையில் நான் உப்பு வாங்கிக்கொண்டிருந்தேன்.
கை நடுங்கவில்லை. அதைக் கவனித்தேன்.

மூன்று வருஷமாக ஒரு கவாத்துக் கத்தியைத்
தீட்டித் தீட்டி வைத்திருந்தேன்.
கவாத்தே நின்றுபோன காலம்.
தேயிலை மரமாகி ஆளை மறைத்தது,
நிரைகளுக்கு நடுவே மரவள்ளி நட்டுத் தின்றோம்.
கத்திக்கு வேறு வேலை இல்லை.

கதை சிறியது.
ரயில் பாதை போட ஜப்பான்காரன் பத்துப் பேர் கேட்டான்.
ஒன்பது பெயரைப் பெரிய கிராணி சொல்ல இவன் எழுதினான்.
பத்தாவதை யாரும் சொல்லவில்லை, இவனே எழுதினான்:
சடையன். என் அண்ணன்.

அதற்கு முந்திய கதை இன்னும் சிறியது.
நிறுவைக் கொட்டகையில் என் கூடை தொங்கும்போது
முள் நிற்குமுன் என் முகத்தைப் பார்ப்பான்.
ஆனாலும் எட்டு ராத்தலை ஒன்பதென்று எழுதமாட்டான்.
எனக்குப் பிடித்ததே அதுதான்.
வேதக்காரக் கிராணியும் கொழுந்தெடுக்கிறவளும்
ஒரே குடையில் வந்ததை அண்ணன் பார்த்துவிட்டான்.
மறுநாள் பெரட்டில், அத்தனை பேர் முன்னால்,
இவன் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மிதித்து
விளக்குமாற்றால் அடித்தான்.
இவன் திருப்பி அடிக்கவில்லை.
சேற்றில் விழுந்த பென்சிலைத் துடைத்து
சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனான்.
அந்தப் பென்சில்தான்.

வெள்ளைக்காரன் திரும்பிவந்த பிறகு
தாப்பாவில் பெயர் எழுதுகிறார்கள் என்றார்கள்,
ஜப்பான்காரனுக்குக் கைகொடுத்தவர்கள் பெயர்.
கத்தியைவிடக் காகிதம் கூர்மை;
அவனிடம் கற்றதுதான்.
விடியுமுன் தேயிலை லாரியில் ஏறினேன்.
பெட்டிகளுக்குப் பின்னால் அவன்.
கிளீனராம். சக்கரத்துக்குக் கல் வைக்கிற வேலை.

பத்தொன்பதாம் கட்டையில் ரேடியேட்டர் கொதித்தது.
மூடுபனிக்குள் தண்ணீர் தேடிப் போனான் டிரைவர்.
"எங்க போறேன்னு தெரியுமா?"
"தெரியும். இனிஷியலைச் சரியாச் சொல்லு. ஞா.
நா-ன்னு எழுதிட்டா வேற எவனையாவது பிடிச்சுருவாங்க."
சிரிப்பு வரக்கூடாத இடத்தில் வந்து தொலைத்தது.
"உன் பேரை யாரும் எழுதலியே. நீ ஏன் போனே?"
"அடுத்த தடவையும் பத்துப் பேர் கேட்டாங்க.
ஒன்பதுக்கு மேல கை ஓடல. என் பேரைப் போட்டேன்."
"அண்ணனைப் பார்த்தியா?"
"பார்த்தேன். பேதி. கடைசிவரைக்கும் எங்கிட்டப் பேசல.
தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சாரு."
நல்லவேளை, மன்னித்துவிட்டார் என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
சக்கரத்துக்கு வைத்த கல் என் கைக்கு எட்டும் தூரம்தான்.

தாப்பா. மேசை, மைக்கூடு, சுற்றாத மின்விசிறி.
தமிழ் தெரிந்த எழுத்தர் நிமிராமல் கேட்டார்.
பெயர்? ஞா. தேவசகாயம்.
எந்தத் தோட்டம்? சொன்னேன்.
"அவன் உனக்கு என்ன வேணும்?"

உறவைத்தான் கேட்டார். எல்லாரிடமும் கேட்பதுதான்.
எனக்கு அது வேறு மாதிரி விழுந்தது.
அவன். எனக்கு. என்ன வேணும்.
பேனா மைக்கூட்டில் ஒருமுறை தோய்ந்து
உலர்ந்து
மறுபடி தோய்ந்தது.
"யோசிச்சுட்டு வா" என்றார்.

லாரிப் படியில் உட்கார்ந்திருந்தான்,
மாற்றுவேட்டியை மூட்டையாகக் கட்டி மடியில் வைத்து,
என் பின்னால் போலீஸ்காரன் வருகிறானா என்று பார்த்தபடி.
ஏறினேன். மலையேறும்போது பெட்டிகள் கிடையாது.
நடுவே ஒரேயொரு அரிசி மூட்டை.
மன்னிக்கவில்லை என்று சொன்னேன்.
ஒவ்வொரு வளைவிலும் சொன்னேன்.
அந்தப் பாதையில் வளைவுகள் நிறைய.

இன்று கவாத்து தொடங்குகிறது.
மரமானதையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டுகிறோம்.
வெட்டினால்தான் துளிர்க்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.
கூலிக்கு வெட்டுகிறேன்.
பெரட்டில் என் பெயரைக் கூப்பிடுமுன்
சடையன் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்.
பக்கத்து நிரையில் அவன் உதடும் அசைகிறது.
சாயங்காலம் கத்தியை அவன்தான் தீட்டித் தருகிறான்,
கைப்பிடி என் பக்கம் திருப்பி.